சிங்கப்பூர் வீட்டில் உள்ளூர்ப் பெரணி வளர்க்க: நர்சரிக்குப் போகும் முன் தூங்குமூஞ்சி மரத்தைப் பாருங்கள்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி ஒருமுறை சொல்லிவிடுகிறேன், தப்பாக இருந்தால் திருத்துங்கள். சிங்கப்பூரில் தரைவீட்டுக்கு மாறி ஓராண்டு ஆகிறது. வீட்டின் பின்பக்கம் வடக்குப் பார்த்து, 9 மீட்டர் நீளமும் 4 மீட்டர் அகலமுமாக ஒரு துண்டு நிலம். அங்கே பூச்செடி வேண்டாம், இந்தத் தீவுக்கே உரிய பெரணிகளை (ஃபெர்ன்) மட்டும் வைக்கலாம் என்று டிசம்பரில் பத்துப் பதினைந்து தொட்டிகள் வாங்கி நட்டிருக்கிறீர்கள். மே மாதத்துக்குள் பாதிக்கு மேல் கருகிவிட்டன. எதை வாங்குவது, எது நிஜமாகவே உள்ளூர், புக்கிட் தீமா காட்டுப் பக்கம் நடைபாதையோரம் மண்டிக்கிடப்பதில் ஒரு கை பிடுங்கி வந்தால் என்ன என்று மூன்றாகக் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் ஆற்றாமை கேட்காமல் கேட்ட நான்காவது கேள்வியில்தான் இருக்கிறது: மழைக்கும் ஈரத்துக்கும் குறைவே இல்லாத தீவில் பெரணி போய் ஏன் சாக வேண்டும்?

நான் தாவரவியல் படித்தவன் இல்லை. இருபது ஆண்டுகளுக்கு மேலாக இங்கே தோட்டம் அமைத்துப் பராமரிக்கும் வேலை. பெரணிகளோடு புழங்கியதெல்லாம் தரைவீடுகளிலும் கூட்டுரிமைக் குடியிருப்புகளிலும்தான். மலைப்பகுதிப் பெரணிகளில் எனக்குக் கைப்பழக்கம் கிடையாது. ஊட்டியிலோ நுவரெலியாவிலோ தோட்டம் வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நான்காவது கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் விடை நீங்கள் எழுதிய இரண்டு சொற்களில் இருக்கிறது: டிசம்பர், வடக்கு. சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்குச் சற்று மேலே, ஏறக்குறைய 1.3 பாகை வடக்கில் இருக்கிறது. டிசம்பரில் உச்சி வெயில் தெற்கே கிட்டத்தட்ட 25 பாகை சாய்ந்து விழும், அதனால் வீட்டின் நிழல் வடக்குப் பக்கம் படுக்கும். உங்கள் பின்கட்டு முழுக்கக் குளிர்ந்த நிழல். மார்ச் கடைசியில் சூரியன் தலைக்கு நேர் மேலே வந்துவிடும். ஏப்ரலிலிருந்து வடக்கே போய், ஜூனில் 22 பாகை வடக்கே நிற்கும். நிழல் என்று நம்பி நட்ட இடம் மே மாதத்தில் வெட்டவெளி. ஊரில் 'வடக்குப் பக்கம் எப்போதும் நிழல்' என்று கேட்டுப் பழகிய கணக்கு இங்கே பாதி ஆண்டுக்குத்தான் செல்லும். இதை நான் உறுதியாகச் சொல்வேன், ஏனென்றால் இதே காரணத்தால் செத்த பெரணிகளை நிறைய வீடுகளில் அள்ளியிருக்கிறேன். உறுதியில்லாமல் சொல்வது இன்னொன்று: பின்கட்டில் ஏர்கான் வெளியலகு இருக்கிறதா? அதன் அனல்காற்று படும் இடத்தில் எந்தப் பெரணியும் தேறாது. நீங்கள் அதைப் பற்றி எழுதவில்லை, ஆனால் தரைவீடுகளில் அது பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

அடுத்து ஈரம். இங்கே ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது, உண்மை. ஆனால் பெரணிக்கு மழையைவிட அசையாத ஈரக்காற்றுதான் முக்கியம். விடிகாலையில் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டுக்கு மேல் இருந்தாலும், மழையில்லாத பிற்பகலில் 60-க்கு இறங்கிவிடும். அடர்காட்டுக்குள் மரக்கூரை அந்த இறக்கத்தைத் தடுக்கிறது. சிமெண்டுத் தரையும் வெள்ளைச் சுவரும் உள்ள பின்கட்டில் தடுக்க எதுவும் இல்லை. அதனால் காட்டுத் தரையில் வளரும் நம் உள்ளூர்ப் பெரணிகளில் பெரும்பாலானவை உங்கள் வீட்டுக்கு உரியவை அல்ல. சிங்கப்பூரின் பெயரையே தாங்கிய டெக்டேரியா சிங்கப்பூரியானா, ஒற்றைச் செல் தடிமனில் இலை விடும் சவ்வுப் பெரணிகள் எல்லாம் அழகுதான், ஆனால் அவற்றைக் காட்டிலேயே போய்ப் பார்த்துவிட்டு வருவது நல்லது.

அப்படியானால் எவை உங்களுக்கு உரியவை? தெருவோரம் நிற்கும் தூங்குமூஞ்சி மரத்தை அண்ணாந்து பாருங்கள். அந்த மரம் தென்னமெரிக்காவிலிருந்து வந்த விருந்தாளி. ஆனால் அதன் கிளைகளில் குடியிருப்பவை அநேகமாக எல்லாம் மண்ணின் மைந்தர்கள். வெயில், பஸ் புகை, பிப்ரவரி வறட்சி எல்லாவற்றையும் தாங்கி, தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் அங்கே தொங்குகின்றன. நகரத் தோட்டத்துக்கு இதைவிட நல்ல தேர்வுப் பட்டியலை யாரும் தர முடியாது.

அந்த மரத்தில் முதலில் கண்ணில் படுவது பறவைக்கூட்டுப் பெரணி, அஸ்ப்ளீனியம் நிடஸ். அகன்ற இலைகள் வட்டமாகக் கூடி ஒரு கூடை ஆகின்றன. மேலேயிருந்து விழும் சருகு அந்தக் கூடையில் சேர்ந்து மக்கி, செடிக்கு உரமாகவும் நீர்ப்பையாகவும் ஆகிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வீட்டுக்காரர் 'உள்ளே குப்பையாக இருக்கிறது' என்றதும், பன்னிரண்டு பெரணிகளின் நடுவில் கையைவிட்டுச் சுத்தமாக வழித்தெடுத்தேன். நாலைந்து மாதத்தில் புதிய இலைகள் பாதி நீளத்துக்குச் சுருங்கின. தப்பு என்னுடையதுதான், செடியின் சாப்பாட்டுத் தட்டைக் கழுவி வைத்துவிட்டேன். அன்றிலிருந்து காய்ந்த இலையைக் கூடைக்குள் நானே போடுகிறேன். இதைத் தரையில் நட வேண்டாம். களிமண்ணில் அடித்தண்டு அழுகும். மரத்துண்டிலோ சுவரோரக் கம்பிவலைக் கூடையிலோ தேங்காய் நார் வைத்துக் கட்டுங்கள். எடையையும் மனதில் வையுங்கள்: போர்னியோவில் சபா மாநிலத்தின் டானும் பள்ளத்தாக்கில் ஆய்வு செய்தவர்கள், காட்டுக் கூரையில் 200 கிலோ வரை கனக்கும் பறவைக்கூட்டுப் பெரணிகளைப் பதிவு செய்திருக்கிறார்கள். உங்கள் வீட்டில் அவ்வளவு வராது, ஆனால் பத்து ஆண்டில் ஓர் ஆள் தூக்க முடியாத அளவுக்கு வரும். கார் நிறுத்தும் இடத்துக்கு மேலே மட்டும் மாட்டாதீர்கள்.

அதே மரத்தில் பழுப்புச் சருகிலைகள் கிளையை அணைத்துக்கொண்டிருக்க, அவற்றுக்கு மேலே ஓக் இலை போல வெட்டுப்பட்ட பச்சை இலைகள் நீண்டால் அது டிரைனேரியா குவெர்சிஃபோலியா. தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இது புதிதில்லை. கொல்லிமலையில் சூப் வைக்க 'முடவாட்டுக்கால்' என்று விற்கிறார்களே, ரோமம் மூடிய அந்தக் கிழங்கு இதே செடியின் தண்டுதான். 2014-இல் ஜனவரி 13 முதல் பிப்ரவரி 8 வரை 27 நாள் இங்கே வறட்சி. நான் பார்த்துக்கொண்ட ஒரு தோட்டத்தில் இந்தப் பெரணியின் பச்சை இலைகள் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தன. 'செத்துப்போச்சு, தூக்கிப் போடுங்க' என்றார்கள். அது சாகவில்லை. வறட்சியில் இலையை உதிர்த்துவிட்டுத் தண்டில் உயிரைப் பிடித்துவைப்பது அதன் வழக்கம். மழை வந்ததும் மறுபடி துளிர்த்தது. உங்கள் பின்கட்டு மாதிரி ஆறு மாதம் வெயிலும் ஆறு மாதம் நிழலுமான இடத்துக்கு என் முதல் பரிந்துரை இதுதான்.

மரத்தண்டில் நாணயம் நாணயமாக ஒட்டிப் படர்வது பிரோசியா பிலோசெல்லாய்டிஸ், மலாயில் 'சிசிக் நாகா', நாகத்தின் செதில். தடித்த இலை, கள்ளிச்செடியைப் போல இரவில் துளை திறந்து காற்றை வாங்கும் வகை. அதனால் வெயிலுக்கு அஞ்சாது. இதை யாரும் காசு கொடுத்து வாங்குவதில்லை. நண்பர் வீட்டு மரத்திலிருந்து ஒரு முழம் கேட்டு வாங்கி, சொரசொரப்பான பட்டையில் கயிற்றால் கட்டினால் போதும். டவாலியா டென்டிகுலேட்டா, முயலின் பாதம் போல ரோமத்தண்டு விடும் பெரணி, செம்பனை மரத்தண்டுகளில் பார்த்திருப்பீர்கள், அதுவும் சிரமம் தராது. மான்கொம்புப் பெரணியான பிளாட்டிசீரியம் கொரோனேரியம் உள்ளூர்தான். ஆனால் காட்டில் அரிதாகிவிட்டது, இப்போது பார்ப்பவற்றில் பல மனிதர் கட்டிவைத்தவை. அதற்குக் காலை வெயில் பிடிக்கும். பலகையில் கட்டும்போது நடுவில் இருக்கும் குருத்தை நாரால் மூடிவிடாதீர்கள், மூடினால் அவ்வளவுதான்.

தரைக்கு வருவோம். புதுத் தரைவீடுகளில் கட்டுமானத்துக்குப் பின் மேலே ஒரு சாண் நல்ல மண் பரப்பியிருப்பார்கள், அதற்குக் கீழே இயந்திரம் மிதித்துக் கெட்டித்த செம்மண். மழை பெய்தால் கிண்ணத்தில் நிற்பதுபோல் தண்ணீர் நிற்கும். தோண்டிச் சரிசெய்வதைவிட மேடு கட்டுவது எளிது. நர்சரிகளில் கிடைக்கும் சுட்ட மண், கரித்துண்டு, தேங்காய் நார், மக்கிய இலை நான்கையும் கலந்து 20 சென்டிமீட்டர் உயரத்துக்குப் போடுங்கள். அதில் நெஃப்ரோலெபிஸ் பைசெர்ரேட்டா தாராளமாக வரும். இலை ஆள் உயரம் போகும், அரை வெயிலைத் தாங்கும். அதற்கு முன்வரிசையில் ஃபைமடோசோரஸ் ஸ்கோலோபெண்ட்ரியா: கைவிரல் போலப் பிரிந்த பளபளப்பான இலை, மேற்பரப்பில் அம்மைத் தழும்பு மாதிரி மேடுகள். அது நோயல்ல, அடியில் வித்துத்தூள் (பெரணி விதைக்குப் பதில் விடும் பொடி) உண்டாகும் குழிகளின் மறுபக்கம். ஆண்டு முழுக்க நிழல் விழும் மூலை ஒன்று இருந்தால் அங்கே செலாஜினெல்லா வில்டனோவி. கண்டிப்பாகப் பார்த்தால் அது பெரணியே இல்லை, பெரணியின் தூரத்து உறவு. ஆனால் நிழலில் மயில்கழுத்து நீலத்தில் மின்னும். வெயில் பட்டால் அந்த நீலம் போய்விடும், ஆகவே நிழல் போதுமா என்று அதுவே சொல்லிவிடும்.

தண்ணீர் தேங்கியே தீரும் ஓரம் இருந்தால் அதோடு சண்டை போடாதீர்கள். சதுப்புநிலத்து அக்ரோஸ்டிகம் ஆரியமை வைத்துவிடுங்கள். அது உப்புநீரையும் முழு வெயிலையும் தாங்கும், கடலோர வீடுகளுக்கும் ஏற்றது. வேலியில் ஏற்ற ஸ்டெனோக்லேனா பலுஸ்ட்ரிஸ் இருக்கிறது. அதன் குருத்து செம்பு நிறம், சரவாக்கில் 'மிடின்' என்று வதக்கிச் சாப்பிடுகிறார்கள். மலாயில் பெரணிக்குப் பொதுப்பெயர் 'பாக்கு'. சந்தையில் 'புச்சோக் பாக்கு' என்று மலாய் அம்மா ஒருவர் கீரைக்கட்டை நீட்டியபோது, வெற்றிலைக்கான பாக்கு எங்கே என்று நான் தேடியது தனிக்கதை. சாப்பிடும் ஆசை இருந்தால் சந்தையில் விற்பதை வாங்கிச் சமைத்துச் சாப்பிடுங்கள். அடையாளம் தெரியாத பெரணிக் குருத்தைக் கிள்ளிச் சமைக்க வேண்டாம், சில பெரணிகளில் புற்றுநோய் உண்டாக்கும் நஞ்சு இருக்கிறது.

வேண்டாம் என்று சொல்ல வேண்டியவையும் சில. சாலைச் சரிவுகளில் புதராக மண்டும் 'ரெசாம்', அதாவது டிக்ரானோப்டெரிஸ், எங்கும் தானாக வளர்கிறதே என்று ஆசை வரும். நான் மூன்று முறை நட்டுப் பார்த்தேன், மூன்று முறையும் காய்ந்தது. தண்டு அறுபட்டால் அது மீள்வதில்லை. ஆஞ்சியோப்டெரிஸ் எவெக்டா உள்ளூர் ராட்சதப் பெரணி, ஒரே இலை ஐந்து மீட்டரைத் தாண்டும், உங்கள் நிலத்தின் அகலமே நான்குதான். (இங்கே உள்ளூர்க்காரனான இதே செடி ஹவாயிலும் ஜமைக்காவிலும் காட்டை ஆக்கிரமிக்கும் களை.) மரப்பெரணி கட்டாயம் வேண்டும் என்றால் உள்ளூர் சையாத்தியா லேட்டிப்ரோசாவைத் தேடுங்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து வரும் டிக்சோனியா அண்டார்டிகா குளிர்ந்த இரவு கேட்கும், இங்கே இரவிலும் 25 டிகிரி செல்சியஸ். சையாத்தியா இனங்களும், பொன்னிற ரோமம் மூடிய சிபோடியம் பரோமெட்ஸும் அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ளவை. எல்லை தாண்டி வந்த செடி என்றால் அதற்கு அனுமதித் தாள் கேளுங்கள்.

'எது நிஜமாகவே உள்ளூர்' என்ற கேள்வி நினைப்பதைவிடச் சிக்கலானது. நீங்கள் வாங்கியதில் 'பாஸ்டன் பெரணி' இருந்ததாகச் சொன்னீர்கள், அது வெப்பமண்டல அமெரிக்கச் செடியின் தோட்டவகை. காட்டோரத்தில் எங்கும் காணும், கருந்தண்டு கொண்ட அடியாண்டம் லேட்டிஃபோலியமும் அமெரிக்காவிலிருந்து வந்து பரவியதுதான். இலையின் அடியில் வெள்ளைப் பொடி பூசி, கையில் அழுத்தினால் அச்சு விழும் பிட்டிரோகிராம்மாவும் அப்படியே. தானாக முளைப்பதெல்லாம் உள்ளூர் இல்லை. பறவைக்கூட்டுப் பெரணி என்று விற்பதிலும் கலப்பு உண்டு: இலையின் நடுநரம்பை அடிப்பக்கம் தடவிப் பாருங்கள், படகின் அடிக்கட்டை போல முனைப்பாக இருந்தால் அது பெரும்பாலும் ஆஸ்திரேலியப் பக்கத்து அஸ்ப்ளீனியம் ஆஸ்ட்ரலேசிகம். உருண்டையாகவோ தட்டையாகவோ இருந்தால் நிடஸ் ஆகலாம். ஆகலாம் என்றுதான் சொல்ல முடியும். நிடஸ் என்ற ஒரே பெயருக்குள் ஒன்றுபோலத் தோன்றும் பல இனங்கள் ஒளிந்திருப்பதாக மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன. இலை ஓரம் அலை அலையாகச் சுருண்டவை தோட்டத்துக்காகத் தேர்ந்தெடுத்த வகைகள். பார்த்துப் பழகச் சிறந்த இடம் நம் பூமலை, அதாவது சிங்கப்பூர் தாவரவியல் பூங்கா. 1925 முதல் 1949 வரை அதை நடத்திய தாவரவியலாளர் ஹோல்டம், மலாயாப் பெரணிகளை வகைப்படுத்துவதில் பெரிய ஆள். பெயர்ப்பலகைகளைப் படித்தபடி அங்கே ஒரு காலைப் பொழுது நடந்தால் என் பதில் முழுவதையும்விட அதிகம் கற்றுக்கொள்வீர்கள்.

பிடுங்கி வரலாமா என்றால், கூடாது. இயற்கை வனப்பகுதிகளிலும் தேசியப் பூங்காக்களிலும் அனுமதியின்றிச் செடியை எடுப்பது குற்றம், ஓர் இலையும் அதில் சேர்த்தி. சட்டத்தைத் தள்ளிவைத்தாலும், மிளகுக்கும், தோல் பதனிட உதவும் கம்பீர்ச் செடிக்குமான தோட்டங்களுக்காக 19-ஆம் நூற்றாண்டிலேயே இந்தத் தீவின் காடு பெரும்பாலும் அழிந்துவிட்டது, மிச்சம் இருப்பது கொஞ்சம். நீங்கள் பிடுங்கும் செடி உங்கள் வீட்டில் பிழைப்பதும் அபூர்வம்.

அதற்குப் பதில் வித்துத்தூளிலிருந்து வளர்த்துப் பாருங்கள். நண்பரின் பறவைக்கூட்டுப் பெரணியில் அடிப்பக்கக் கோடுகள் பழுப்பாகி முற்றிய இலைத்துண்டு ஒன்றை வாங்கி, காகித உறைக்குள் இரண்டு நாள் வையுங்கள். காப்பித்தூள் மாதிரிப் பொடி கொட்டும். தேங்காய்நார்த் தூளில் கொதிநீர் ஊற்றி ஆறவிட்டு, மூடியுள்ள ஒளி ஊடுருவும் பெட்டியில் பரப்பி, பொடியை மிக மெல்லியதாகத் தூவி மூடுங்கள். நேர் வெயில் கூடாது. மூன்று நான்கு வாரத்தில் பச்சைப் பூச்சு, பிறகு நகக்கண் அளவில் இதய வடிவச் சிற்றிலைகள். இந்தக் கட்டத்தில் தெளிப்பானால் லேசாக நனைக்க வேண்டும், ஏனென்றால் ஆண் அணு நீந்திப் போய்த்தான் பெண் அணுவைச் சேரும், நீர்ப்படலம் இல்லையென்றால் கருவே இல்லை. முதல் நிஜ இலை வர எனக்கு மூன்று மாதமும் ஆகியிருக்கிறது, ஏழு மாதமும் ஆகியிருக்கிறது. பாதிப் பெட்டிகளில் பாசியும் பூஞ்சையும் ஜெயித்துவிடும், மனம் தளராதீர்கள். தட்டு அளவுச் செடியாக இரண்டு மூன்று ஆண்டு பிடிக்கும்.

பூச்சி பற்றி ஒன்று. இலைக்கு அடியில் பழுப்புப் புள்ளிகளைப் பார்த்ததும் மருந்தடித்து, செடியைக் கொன்றவர்கள் நிறையப் பேர். வரிசையாக, ஒரே இடைவெளியில் இருந்தால் அது வித்துக்கூடு. தாறுமாறாக இருந்து நகத்தால் பெயர்ந்து வந்தால்தான் செதில்பூச்சி. அதையும் ஈரத்துணியால் துடைப்பது நல்லது, எண்ணெய் மருந்துகள் பெரணி இலையைச் சுடும். உரம் பொட்டலத்தில் சொன்னதில் கால்பங்கு, மாதம் ஒருமுறை. தொட்டிக்கு அடியில் தட்டு வைக்காதீர்கள், ஏடிஸ் கொசுவுக்கு அதுதான் பிடித்த இடம், சுற்றுப்புற வாரியத்தின் சோதனை வந்தால் பெரணி ஆர்வம் என்ற சமாதானம் எடுபடாது.

இப்போதைக்குப் புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். ஜூன் 21-ஐ ஒட்டி மழையில்லாத ஒரு நாளில் காலை 9, பகல் 1, மாலை 4 மணிக்குப் பின்கட்டை மூன்று படம் எடுத்துவையுங்கள். நம் கடிகாரத்தில் உச்சிப்பொழுது 12 அல்ல, ஏறக்குறைய 1 மணி. மூன்று படத்திலும் நிழலாக இருக்கும் இடம் செலாஜினெல்லாவுக்கு, ஒன்றில் மட்டும் வெயில் என்றால் நெஃப்ரோலெபிஸுக்கும் பறவைக்கூட்டுக்கும், இரண்டிலோ மூன்றிலோ வெயில் என்றால் முடவாட்டுக்காலுக்கும் நாகச்செதிலுக்கும். கருகியதாகச் சொன்ன தொட்டிகளையும் அதுவரை கொட்டாதீர்கள். தண்டை நகத்தால் கீறிப் பாருங்கள், உள்ளே பச்சை இருந்தால் நிழலில் வைத்து இரண்டு மாதம் பொறுங்கள்.